கூரைக் கணக்கு நம்ம கையில இருக்கட்டும்!

ஓட்டு வீட்டில் குடியிருக்கும் தோழிகளுக்காகவே இந்தக் கடிதம். ஐப்பசி அடைமழையில் எந்த இடத்தில் குண்டான் வைக்க வேண்டும், எந்த மூலையில் வாளி வைக்க வேண்டும் என்பது நமக்குத்தான் தெரியும். அரிசி மூட்டையை நகர்த்துவதும் நாம்தான், நனைந்த பாயைக் காயப் போடுவதும் நாம்தான். ஆனால் கூரையைப் பழுது பார்க்க ஆள் வந்தால் மட்டும், "ஐயா இல்லீங்களா? அவர் வரட்டும், பேசிக்கறேன்" என்கிறார்கள். நாமும், 'இது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று அடுப்படிக்குப் போய் விடுகிறோம். இது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். ஒழுகும் இடம் தெரிந்தவளுக்குத்தான் செலவுக் கணக்கும் தெரிய வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் இருப்பது மயிலாடுதுறைப் பக்கம். சீமை ஓடு போட்ட பழைய வீடு. என் கணவருக்கு வெளியூரில் வேலை. 2023 சித்திரையில் கூரை பார்க்க வந்த ஒரு காண்ட்ராக்டர், ஏணியில்கூட ஏறவில்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து விட்டு, "ஓடெல்லாம் போச்சும்மா. மொத்தமா பிரிச்சுட்டு ஷீட் போட்டுடலாம். ஒண்ணே கால் லட்சம் ஆகும்" என்றார். எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்று பதில் வந்தது. புரியாமல் போக இதில் என்ன இருக்கிறது? கோலத்துக்குப் புள்ளி எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஓடு எண்ணத் தெரியாதா!

முதலில் கூரையின் அளவு. தரையின் அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கூரை சாய்ந்து இருப்பதால் அதன் பரப்பு தரையை விட அதிகம். முகட்டிலிருந்து இறவாணம் வரை ஒரு கயிற்றைப் பிடித்து அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது 14 அடி. கூரையின் நீளம் 25 அடி. ஒரு பக்கம் 350, இரண்டு பக்கமும் சேர்த்து 700 சதுர அடி. மேஸ்திரிகள் பாஷையில் 7 சதுரம். ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, சீமை ஓடு சுமார் 140 முதல் 150 வரை பிடிக்கும். ஆக எங்கள் கூரையில் இருப்பது ஏறக்குறைய ஆயிரம் ஓடு. இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் போதும், 'ரெண்டாயிரம் ஓடு வேணும்' என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

அடுத்து, எத்தனை ஓடு பழுது என்பது. நல்ல வெயில் நேரத்தில் ஜன்னல், கதவுகளைச் சாத்தி விட்டு உள்ளேயிருந்து மேலே பாருங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் ஊசிமுனை போலத் தெரிகிறதோ, அங்கெல்லாம் விரிசலோ விலகலோ இருக்கிறது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் கைமரத்திலும் ரீப்பரிலும் வழிந்து வந்து வேறு இடத்தில் சொட்டும். சொட்டும் இடத்திலிருந்து முகட்டுப் பக்கமாகத் தேடிக் கொண்டு போக வேண்டும். பல வீடுகளில் ஓடு நன்றாகவே இருக்கும். முகட்டு ஓட்டின் மேல் பூசிய சிமென்ட் வெடித்திருக்கும், அல்லது இரண்டு சாய்வு சேருகிற இடத்தில் போட்ட தகரம் துருப்பிடித்திருக்கும். குற்றம் அங்கே, பழி ஓட்டின் மேல்!

எங்கள் வீட்டில் இப்படி எண்ணியதில் உடைந்தது, விலகியது எல்லாம் சேர்த்து 70 ஓடுதான். ஒரு கைமரம் மட்டும் கரையான் அரித்திருந்தது. பழகிய ஒரு ஆசாரியையும் கொத்தனாரையும் கூப்பிட்டு, பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினேன். ஆன செலவை அப்படியே தருகிறேன். ஓடு 80 (பத்து கூடுதலாக) 3,200 ரூபாய், முகட்டு ஓடு 10-க்கு 900, ரீப்பர் 2,100, கைமரம் ஒன்று 2,800, ஆசாரிக்கு இரண்டு நாள் கூலி 2,200, கொத்தனாருக்கு இரண்டு நாள் 2,000, சித்தாள் இரண்டு பேருக்கு 2,400, சிமென்ட், மணல், ஆணி 900, வண்டி வாடகை 800. மொத்தம் 17,300 ரூபாய். இது எங்கள் ஊரில், அந்த வருஷத்தில் நான் கொடுத்தது. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஓட்டுக்கும் முகட்டு ஓட்டுக்கும் ஆனது 4,100 ரூபாய்தான், மொத்தத்தில் கால் பங்குகூட இல்லை. பணம் போவது மரத்துக்கும் ஆள் கூலிக்கும்தான். அதனால் இரண்டு ஓடு மாற்ற ஒரு தரம், தகரம் மாற்ற ஒரு தரம் என்று ஆள் கூப்பிடாமல், எல்லாச் சின்ன வேலையையும் சேர்த்து ஒரே மூச்சில் முடிப்பதுதான் சிக்கனம். அதுவும் பங்குனி, சித்திரையிலேயே செய்து விட வேண்டும். மழை பிடித்த பிறகு ஆளும் கிடைக்காது, ஈர ஓட்டில் ஏறினால் வழுக்கும். பாவம், அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்.

ஓடு வாங்கப் போகும்போது, வீட்டிலிருந்து ஒரு நல்ல ஓட்டைக் கையோடு எடுத்துப் போவது அவசியம். 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, இந்த வகை ஓட்டைப் பல ஊர்களில், பல கம்பெனிகள் செய்திருக்கின்றன. ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் இன்னொரு கம்பெனி ஓடு சரியாகப் பொருந்தாது. பொருந்தாத ஓட்டைப் போட்டால், புது ஓட்டுக்குப் பக்கத்திலேயே புது ஒழுகல்! ஓட்டின் மேல் கம்பெனிப் பெயர் பதிந்திருக்கும், பார்த்து வாங்குங்கள். இடித்த வீட்டு ஓடு என்றால் விரலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் நல்ல ஓடு. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே கீறல் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர் வீட்டு அக்கா, சீட்டு எடுத்த பணத்தில் ஓட்டைப் பிரித்து விட்டு ஷீட் போட்டார்கள். இறக்கிய ஓடு, மரம் எல்லாவற்றையும், "குப்பையை நானே அள்ளிட்டுப் போயிடறேன்க்கா" என்று வேலை செய்தவர் ஏற்றிக் கொண்டு போய் விட்டார். பழைய சீமை ஓட்டுக்கும் வைரம் பாய்ந்த மரத்துக்கும் விலை உண்டு என்று யாருமே அவர்களிடம் சொல்லவில்லை. எஸ்டிமேட்டில் அதைக் கழித்திருக்க வேண்டாமா? இப்போது சீட்டுப் பணம் கட்டி முடியவில்லை, மத்தியானத்தில் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. பிள்ளைகள் எங்கள் தாழ்வாரத்தில் வந்து படிக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். அதிலுள்ள நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசுதான் அதில் ஆபத்து.

எல்லா ஓட்டு வீட்டையும் ஒட்டுப் போட்டே ஓட்டி விடலாம் என்று நான் சொல்லவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் முகடு கூன் விழுந்து தெரிகிறதா, சுவர் மேல் இருக்கும் மரம் உளுத்திருக்கிறதா, கைமரத்தில் ஆணியால் குத்தினால் மாவு மாதிரி உதிர்கிறதா... அப்போது பிரித்துத்தான் ஆக வேண்டும். அங்கே காசு பார்த்தால் உயிருக்கு ஆபத்து. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பலவீனமான கூரை என்ன பாடு படும் என்று டெல்டா பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை ஏணியில் ஏறிப் பார்த்தவர் சொல்ல வேண்டும். தச்சு தெரிந்த இரண்டு பேரையாவது தனித்தனியாகக் கேளுங்கள்.

வேலை பேசும்போது, "மொத்தம் இவ்வளவு" என்றால் ஒப்புக் கொள்ளாதீர்கள். ஓடு, மரம், கூலி, வண்டி என்று தனித்தனியாகத் தாளில் எழுதி வாங்குங்கள். நடக்கும்போது உடைகிற ஓடு யார் கணக்கு என்பதையும் முதலிலேயே பேசி விட வேண்டும். ஓட்டின் மேல் பலகை போட்டு, அதன் மேல் நடக்கச் சொன்னால் பாதிச் சேதம் குறையும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காமல், கடைசித் தவணையை ஒரு மழை பார்த்த பிறகு தருவதாகப் பேசுங்கள். நேர்மையான ஆள் மறுக்க மாட்டார். சொன்ன கூலியை மட்டும் பேரம் பேசி வதைக்காதீர்கள். உயிரைப் பணயம் வைத்து மேலே ஏறுகிறவர்கள் அவர்கள்.

மிச்சமான ஓடுகளைக் கொல்லையில் சுவரோரமாகச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். குரங்கு குதித்தாலும் தேங்காய் விழுந்தாலும் அன்றைக்கே மாற்றி விடலாம்.

நகைக்குச் சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று கடையில் நின்று துருவித் துருவிக் கேட்கிறோம். தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கக் கூடாது? உங்கள் வீட்டுக்கு எஸ்டிமேட் வந்தால் அடுப்படிக்குப் போகாதீர்கள், கயிறும் நோட்டும் எடுத்துக் கொண்டு வாசலுக்கு வாருங்கள். என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஓட்டு வீட்டு இல்லத்தரசி, மயிலாடுதுறை.