மருந்துக்கு இரண்டு பெயர்



சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தாயார் நான்கு சிறிய பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பையனுக்குக் காய்ச்சல், கிள்ளானில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியிருக்கிறார். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு மருந்தும் சேர்த்துக் கிடைக்கும். ஆனால் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடுமே!

பைகளின்மேல் 'டெமாம்', 'பாத்தோக்' என்று மலாயில் நோயின் பெயர்தான் இருந்தது. மருந்தின் பெயர் இல்லை.

"எம்பத்தஞ்சு வெள்ளி சார். எது என்ன வெலைன்னு கேக்க வாய் வரல. காய்ச்சல் எறங்கல, வீட்டுல இருந்த பெனடோலையும் குடுத்தேன்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டேன். 'டெமாம்' பையில் இருந்ததும் பாராசிட்டமோல். பெனடோலில் இருப்பதும் அதே பாராசிட்டமோல். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும் மருந்து அது. நல்லவேளை, ஒரே ஒரு முறைதான் கொடுத்திருந்தார்.

மருந்துக்குச் சொந்தப் பெயர் ஒன்று, கம்பெனி சூட்டிய பெயர் ஒன்று. கம்பெனிகள் பணத்தைக் கொட்டி வளர்ப்பது இரண்டாவது பெயரைத்தான். அவர்களுடைய விற்பனையாளர்கள் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குவார்கள். மாதிரி மருந்து, பேனா, நாட்காட்டி, மொத்தமாக வாங்கினால் இலவசமாகச் சில பெட்டிகள். நம் நாட்டிலோ மருந்து எழுதும் டாக்டரே அதை விற்கவும் செய்யலாம்.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. விலையைக் குறைக்கச் சொல்லவில்லை, காட்டத்தான் சொன்னது. அதற்கே மே 6 அன்று டாக்டர்கள் புத்ராஜெயாவில் திரண்டார்கள். நோயாளியைப் பார்க்கும் கட்டணம் நெடுங்காலமாக 10 முதல் 35 வெள்ளியிலேயே நின்றிருந்தது என்பது அவர்கள் குறை. நியாயமான குறைதான். ஆனால் கட்டணத்தைக் கட்டணமென்றே கேட்கலாமே, மருந்துப் பைக்குள் ஒளித்து வைப்பானேன்?

கேட்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. 1981-இல் பல நாட்டுப் பயனீட்டாளர் அமைப்புகள் ஜெனீவாவில் கூடி, மருந்துக் கம்பெனிகளைக் கேள்வி கேட்க ஓர் இயக்கம் தொடங்கின. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் நம் நாட்டு அன்வார் ஃபசால். அரசாங்கமும் கேட்டிருக்கிறது. 'ஹெபடைட்டிஸ் சி' என்னும் ஈரல் நோய்க்கான சொஃபோஸ்புவிர் மருந்து, அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு நோயாளிக்கு 84,000 டாலர். 2017-இல் நம் அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தில் தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி, அதே மருந்தை எகிப்து நாட்டுக் கம்பெனியிடம் வாங்க வழி செய்தது. முழுச் சிகிச்சைக்கான மருந்தும் சுமார் 300 டாலருக்கு வந்துவிட்டது! மறு ஆண்டே அரசாங்க மருத்துவமனைகளில் அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டியது சிறிய விஷயம். "டாக்டர், மருந்தோட சொந்தப் பேர எழுதிக் குடுங்க. ஒவ்வொண்ணும் என்ன வெல? சீட்டு மட்டும் குடுத்தா வெளிய வாங்கிக்கலாமா?" வீட்டிலுள்ள மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.

அந்தத் தாயார் போன வாரம் மறுபடியும் போனாராம். கவுண்டரில் இருந்த பெண் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேட்டு வந்து, பையனின் பழைய கணக்கு நோட்டில் மூன்று மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தாளாம். அதில் ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருந்தது. "அது வேணாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.