'செவன் சிக்ஸ் டூ' என்றால் போதுமா?

இந்திய ராணுவம் 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியை விட்டு 7.62க்கு மாறத் தொடங்கியதிலிருந்து ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது: 5.56 காயப்படுத்த மட்டுமே செய்த தோட்டா, ஆளை வீழ்த்த 7.62தான் வேண்டும். டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் முதல் கார்பைன் வாங்க நினைக்கும் நம்மவர்களும் இதையே சொல்கிறார்கள். இந்தப் பேச்சு தவறு. வாங்குபவருக்கு ஆபத்தும்கூட.

முதலில் அந்தக் 'காயம்' கதை. அமெரிக்க ராணுவத்துக்காக நார்மன் ஹிட்ச்மன் 1952இல் எழுதிய அறிக்கை, காலாட்படையின் துப்பாக்கிச் சண்டை பெரும்பாலும் 300 கஜத்துக்குள் நடப்பதைக் காட்டியது. அந்தச் சிந்தனை வழியே வந்த சிறு தோட்டாவுக்கு ராணுவம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, 500 கஜத்தில் எஃகுத் தலைக்கவசத்தைத் துளைக்க வேண்டும் என்பது. தலைக்கவசத்தைத் துளைக்கச் சொன்னவர்கள் எதிரியை உயிரோடு விடச் சொன்னார்கள் என்று எப்படி நம்புவது?

5.56 மேல் வந்த குறைகளில் உண்மை உண்டு. ஆனால் காரணம் விட்டம் அல்ல. ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லரின் ஆய்வுகள் காட்டியபடி, பழைய எம்193 குண்டு உடலுக்குள் புரண்டு உடைந்து சிதறியே பெருங்காயம் செய்கிறது. அதற்கு வேகம் வேண்டும். எம்16 துப்பாக்கியின் 20 அங்குலக் குழலை எம்4 கார்பைனில் 14.5 அங்குலமாக வெட்டியபோது வேகம் குறைந்தது. குண்டு சிதறும் தூரமும் சுருங்கியது. இதற்கு அமெரிக்க ராணுவம் 2010இல் தந்த விடை எம்855ஏ1 என்ற புதுக் குண்டு. அதை உருவாக்கிய இடம் நியூ ஜெர்சியின் பிக்காட்டினி ஆர்சனல். கேலிபர் அதே 5.56தான்.

அடுத்து, '7.62' என்று ஒரே தோட்டா கிடையாது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையின் டார் ரைஃபிளும் அமேதியில் தயாராகும் ஏகே-203உம் சுடுவது 39 மி.மீ. கூடுள்ள தோட்டாவை; இந்திய ராணுவம் 2019 முதல் வாங்கிய சிக் 716க்கு 51 மி.மீ. கூடு. முன்னதன் ஆற்றல் ஏறத்தாழ 2,000 ஜூல், பின்னதற்கு 3,300க்கு மேல், 5.56க்கு சுமார் 1,700. அதாவது ஏகேயின் தோட்டா தன் பெயரைக் கொண்ட மற்றதைவிட 5.56க்கே நெருக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால எம்1 கார்பைனும் 7.62தான், அதன் ஆற்றலோ 1,300 ஜூல் அளவே, 5.56ஐவிடக் குறைவு. 7.62×39ஐப் பெற்றெடுத்த சோவியத் ராணுவமே 1974இல் 5.45க்கு இறங்கியது.

"அமெரிக்காவே 6.8க்குப் போய்விட்டதே?" போனது உண்மை. 2022இல் சிக் சாவரின் துப்பாக்கியைத் தேர்ந்தார்கள். நவீன மார்புக்கவசத்தைத் தொலைவிலேயே துளைப்பது நோக்கம். விலை என்ன? எம்4 வீரர் சுமக்கும் 210 தோட்டா 140 ஆனது, துப்பாக்கியும் கனத்தது. அதுவும் முன்னணிப் படையினருக்கே, மற்றவர்களிடம் எம்4 தொடர்கிறது. எல்லைக் கோட்டு மலைகளில் 500, 600 மீட்டர் சுட வேண்டிய நம் சிப்பாய்க்கு 7.62×51 தேவை என்பதை முழுமனதாக ஏற்கிறேன். ஹூஸ்டனில் வீட்டுக்கு ஒன்று வாங்குபவருக்கு அந்த மலையும் இல்லை, மார்புக்கவசம் அணிந்த எதிரியும் இல்லை. அதிர்ச்சி குறைந்த துப்பாக்கியில் அடிக்கடி பழகுவதே அவருக்குப் பயன்.

விட்ட மோகம் .300 பிளாக்அவுட்டில் உயிருக்கே உலை வைக்கும். 5.56 கூட்டை 35 மி.மீட்டராகக் குறைத்து 7.62 குண்டு பொருத்திய தோட்டா அது. அதே மேகசினில் ஏறும். சில சமயம் 5.56 குழலின் அறைக்குள்ளும் போய்விடும். அப்போது விசையை இழுத்தால் குறுகிய குழலில் தடித்த குண்டு சிக்கி, துப்பாக்கி முகத்தருகே வெடிக்கும். இரண்டையும் வைத்திருந்தால் மேகசின்களுக்கு வேறு வேறு நிறம் கொடுங்கள், சுடும் இடத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள், குழலில் பொறித்த கேலிபரை ஒவ்வொரு முறையும் படித்த பிறகே தோட்டாவை ஏற்றுங்கள். நியூ ஜெர்சிக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எம்1 கார்பைன் வகையை அம்மாநிலச் சட்டம் பெயர் சொல்லியே தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது, மேகசின் அளவையும் 2018இல் 10 தோட்டாவாகக் குறைத்துவிட்டது.