கத்துகிறார்களா, பாடுகிறார்களா?

"கூத்தா? விடிய விடியக் கத்துவார்களே, அதுவா?" கரையான்சாவடியில் தெருக்கூத்துப் பார்த்துவிட்டு வந்தேன் என்றதும் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. அன்றிரவு பத்து மணிக்குத் தெருமுனையில் விரித்திருந்த பாயில் போய் உட்கார்ந்தபோது நானும் அதே எண்ணத்தில்தான் இருந்தேன்.

நடந்தது கர்ண மோட்சம். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், பின்பாட்டு எல்லாவற்றையும் ஒலிபெருக்கி ஒரே இரைச்சலாக்கி நெடுஞ்சாலைவரை அனுப்பிக்கொண்டிருந்தது. வேடக்காரர்களோ ஒலிவாங்கிக் கம்பத்தை விட்டு நகர முடியாமல் ஆடினார்கள். நள்ளிரவில் செருப்பைத் தேடினேன்.

அப்போது மின்சாரம் நின்றது. யாரோ ஒரு பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்தார். கூத்து நிற்கவில்லை. போருக்குப் புறப்படும் கர்ணனை மனைவி பொன்னுருவி வழிமறிக்கிறாள். அவ்வேடம் தரித்தவர் ஐம்பதைக் கடந்த ஓர் ஆண்மகன். குரலில் இனிமை என்று சொல்ல ஒன்றுமில்லை. போக வேண்டாம் என்னும் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். முதலில் அது கோபம், அடுத்து கெஞ்சல், பிறகு அதே அடி ஒப்பாரியாகிவிட்டது. கணவன் உயிரோடு எதிரில் நிற்கிறான். இவள் அழுது முடித்துவிட்டாள்! மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தைப் பின்பாட்டுக்காரர் தாங்கிக்கொண்டார். பக்கத்திலிருந்த பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "இப்பதான் தம்பி பாட்டு காதுல விழுது" என்றார்.

நண்பர்களே, ஒலிவாங்கியின் காதருகுக் குரலுக்குப் பழகிய செவி நம்முடையது. கூத்தின் குரலோ திறந்த வெளியில், கடைசி வரிசைக் கிழவிக்கும் சொல் புரிய வேண்டும் என்று வளர்க்கப்பட்டது. ஆகவேதான் அந்த உச்ச சுருதி. எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) மேடையில் புகழ்பெற்றதும் அத்தகைய உச்சக் குரலால்தான். மேலைநாட்டு ஆபராவிலும் இதுவே வழக்கம். இத்தாலியில் மான்டெவெர்டியின் 'ஓர்ஃபெயோ' 1607-இல் அரங்கேறியது. இறந்த மனைவியை மீட்கப் பாட்டையே துணைகொண்டு பாதாளம் சென்றவன் கதை அது. இன்றும் ஆபராப் பாடகர்கள் பெரும்பாலும் ஒலிவாங்கியின்றியே பெரிய வாத்தியக் குழுவை மீறிப் பாடுகிறார்கள். முதன்முறை கேட்பவர் அதையும் கத்தல் என்றுதான் சொல்வார் போலும்!

கூத்தில் எல்லாம் உயர்வு என்று நான் வாதாடவில்லை. அன்று கட்டியங்காரன் அடித்த சில நகைச்சுவைகளை இம்மலரில் எழுத முடியாது. இடையிடையே சினிமா மெட்டும் புகுந்தது. கேட்டால், விழாக் குழுவினர் விரும்புகிறார்கள் என்றார்கள். ஆனால் புரிசைக் கூத்தைக் கண்டு ஈர்க்கப்பட்ட ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பீட்டர் புரூக் 1985-இல் பிரான்சு நாட்டு அவிஞ்ஞோனில், ஒரு கல் குவாரியில், மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக நடத்தினார். அதைப் பார்க்க மக்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். நமக்கோ பூந்தமல்லிப் பேருந்தில் ஏறினால் போதும்.

முக்கால் மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. ஒலிபெருக்கி மீண்டும் அலறியது. பாட்டி முகத்தைச் சுளித்தார். நானுந்தான், ஆயினும் விடியும்வரை எழவில்லை.

சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவில் மெல்லிசைக் குழுவுக்கு இரண்டரை மணி நேரம். கூத்துக்குப் பத்து நிமிடம், அதுவும் கர்ணன் திரையை விட்டு வெளிவருவதற்குள் மணி அடித்தாயிற்று. பேரவை நண்பர்கள் இவ்வாண்டு ஓர் இரவைக் கொடுப்பார்களா? ஒலிபெருக்கி வாடகையையாவது மிச்சப்படுத்தலாம்.