இதயம் நின்றால்... மூளைக்கு யார் காவல்?

மாலை ஆறு மணிக்கு பொத்தேரி ஸ்டேஷனுக்கு வந்து பாருங்கள். பீச் ரயிலைப் பிடிக்க ஓடும் மாணவர்கள், செங்கல்பட்டு வண்டியிலிருந்து இறங்கும் ஆபீஸ்காரர்கள் என்று பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில்தான் என் அப்பாவும் தினமும் வந்து இறங்குகிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அதனாலேயே, ‘நரம்பைத் தூண்டி மூளையைக் காக்கலாம்’ என்ற செய்தி கண்ணில் பட்டதும் விடாமல் தேடிப் படித்தேன்.

மாரடைப்பு வேறு, கார்டியாக் அரெஸ்ட் வேறு. முதலாவது, இதயத்தின் ரத்தக்குழாயில் ஏற்படும் அடைப்பு. இரண்டாவது, துடிப்பே நின்றுபோவது. நம் எடையில் மூளை 2 சதவிகிதம்தான். ஆனால், உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவிகிதம் அதற்கே வேண்டும். ரத்த ஓட்டம் நின்றால், நாலைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். இதயம் மறுபடி துடித்த பிறகும் ஆபத்து ஓயாது. திரும்பி வரும் ரத்தமே மூளையில் அழற்சியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடலாம்.

இந்த இரண்டாவது அடியைத் தடுக்கத்தான் நரம்புத் தூண்டல். மூளையிலிருந்து கழுத்து வழியாக இதயம், குடல் வரை போகிறது வேகஸ் நரம்பு. அழற்சியை அடக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதன் ஒரு கிளை காதுக்கும் வருகிறது. லேசான மின்சாரத்தால் இந்த நரம்பைத் தூண்டும் கருவிகளுக்கு, வலிப்பு நோய்க்காக 1997-லும், பக்கவாதத்துக்குப் பிறகு கை அசைவை மீட்க 2021-லும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. கார்டியாக் அரெஸ்ட்டைப் பொறுத்தவரை, எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. மனிதர்களுக்கு வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

“அப்போ காதைத் தேய்ச்சுவிட்டா போதுமாடி?” என்று கேட்டார் அம்மா.

“ஐயோ அம்மா, நெஞ்சைத்தான் அழுத்தணும்!”

விழுந்தவர் தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லையா, மூச்சும் சரியாக இல்லையா? உடனே 108-க்கு போன் போடச் சொல்லுங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு கை மேல் இன்னொரு கையை வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். அந்த அழுத்தம்தான் மூளைக்குக் கொஞ்சமாவது ரத்தத்தை அனுப்பும். அப்படி மிச்சம் பிடித்த மூளையைத்தான் நாளை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியும்.

பொத்தேரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் முதல் நாலு நிமிடம், பிளாட்பாரத்தில் அருகில் நிற்பவரின் கையில்தான்.

போன ஞாயிறு நானும் அம்மாவும் தலையணையை வைத்துப் பழகிப் பார்த்தோம். இரண்டே நிமிடத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “மாத்தி மாத்தி அழுத்த இன்னொருத்தர் வேணும்டி” என்றார்.

அந்த இன்னொருவர் நீங்களாகவும் இருக்கலாம். இன்றே பழகிக்கொள்ளுங்கள்!