புதிய கைப்பேசியில் தமிழ் எங்கே?

ஆண்டுத் தொடக்கத்தில் சாம்சுங்கின் கேலக்ஸி, செப்டம்பரில் ஆப்பிளின் ஐபோன். பண்டிகைக்கு நாள் எண்ணுவதுபோல் இவற்றின் வரவுக்கும் இன்று நாம் நாள் எண்ணுகிறோம். கைப்பேசி வெளிவருவதற்கு முன்பே விடுதி அறைகளில் பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. எதன் படக்கருவி சிறந்தது? எதன் மின்கலம் நீடிக்கும்? ஈப்போ கடைகளில் எப்போது முன்பதிவு? இக்கேள்விகள் தவறல்ல. ஆனால், தமிழ் மாணவர்களாகிய நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அதில் தமிழ் எப்படி இருக்கிறது?

கைப்பேசிக்குள் தமிழ் தானாக வந்துவிடவில்லை. 2005-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அறிமுகமான ‘செல்லினம்’ தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது. அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது 2013-இல். கூகிளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது 2017-இல்.

இனி ஒப்பிட்டுப் பாருங்கள். கூகிள் விசைப்பலகை தரும் தமிழ், 700 வெள்ளிக் கைப்பேசியிலும் 6,000 வெள்ளிக் கைப்பேசியிலும் ஒன்றுதான். விலை கூடுவதால் ஒரு மெய்யெழுத்துகூடக் கூடுவதில்லை. விலையுயர்ந்தவை தனித்து நிற்பது செயற்கை நுண்ணறிவில்தான். அங்கேதான் தமிழ் பின்வரிசையில் நின்றது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 அறிமுகமானபோது, தொலைபேசி உரையாடலை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி 13 மொழிகளில் வந்தது. இந்தி இருந்தது, தமிழ் இல்லை, மலாயும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிளின் நுண்ணறிவு வசதிகள் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தன.

இது வெறும் மொழிப்பற்றுப் பேச்சன்று. பேராக்கில் பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயத்தில் வாழ்ந்தவர்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் பாட்டி, தமிழ் நாளிதழை வரி விடாமல் வாசிப்பார். மருத்துவமனையிலிருந்து வரும் மலாய்க் குறுஞ்செய்திக்கு மட்டும் பேரப்பிள்ளையைத் தேடுவார். மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது. நகலெடுத்து ஒட்டும் வித்தைதான் அவருக்குக் கைவரவில்லை. “நாளை மறுநாள் காலையில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்” என்று அவர் காதில் தமிழில் சொல்லும் கைப்பேசியே என்னைப் பொறுத்தவரை உயர்ந்த கைப்பேசி.

நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியானது. ஐயாயிரத்தைத் தாண்டும் ஒரு கைப்பேசி, தொழிலாளி ஒருவரின் மூன்று மாத உழைப்பு. அவ்வளவு கொடுப்பவருக்கு அவர் தாய்மொழியில் சேவை கேட்க உரிமை இல்லையா?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாமோ தமிழையே ரோமன் எழுத்தில் தட்டுகிறோம்; கைப்பேசியை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறோம். பிறகு, தமிழுக்குத் தேவை இருக்கிறது என்பது நிறுவனங்களுக்கு எப்படித் தெரியும்? நண்பர்களே, கைப்பேசியின் மொழியை இன்றே தமிழுக்கு மாற்றுவோம். பிழை கண்டால் நிறுவனத்துக்கு எழுதுவோம். அடுத்த புதிய கைப்பேசி கடைக்கு வரும்போது, முதலில் அதனிடம் தமிழில் பேசிப் பார்ப்போம். விலையைப் பிறகு விசாரிக்கலாம்.