இருப்புப் பாதையின் அடிவயிறு

டோல்கேட்டில் நிற்பவருக்கு இரு காலத்து இருப்புப் பாதைகள் அண்மையில் உள்ளன. தலைக்கு மேலே, 2021ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மெட்ரோ பாதை ஜல்லியின்றிக் கான்கிரீட்டின்மேல் ஓடுகின்றது. மேற்கே கூடூர் செல்லும் பாதையோ, 1856இல் இராயபுரத்தினின்று முதல் ரயில் புறப்பட்ட காலத்து முறைப்படியே, ஜல்லிப் படுக்கையின்மேல் கிடக்கின்றது. நாம் கவலை கொள்வது இப்பின்னதைக் குறித்தே.

வண்டியின் பாரத்தைப் பரப்பி மண்ணுக்கு இறக்குவதும், மழைநீரை வடியவிடுவதும் ஜல்லியின் தொழில். எண்ணூர்ப் பக்கத்து வண்டிகள் சிந்தும் நிலக்கரித்தூளும், நொறுங்கிய கற்பொடியும், கீழிருந்து ஏறும் சேறும் கற்களின் சந்துகளை அடைத்துவிடின், நீர் தேங்கும், பாதை அமிழும். மேலிருந்து நோக்குவார்க்கு இது எளிதிற் புலப்படாது. ஆதலால் பத்தாண்டிற்கு ஒருமுறையேனும் ஜல்லியைத் தோண்டிச் சலிக்கவேண்டுமென்பது ரயில்வேயின் பொது விதி. நோயாளியின் நாடி பாராது, பஞ்சாங்கம் பார்த்து மருந்தளிப்பதை இஃது ஒக்கும். கெட்ட இடம் காத்திருக்க, நல்ல இடத்தில் பணமும் உழைப்பும் செலவாகின்றன.

தரை ஊடுருவும் ராடார் இக்குறையைப் பெரிதும் நீக்கவல்லது. 1929இலேயே ஆஸ்திரியாவில் பனியாற்றின் ஆழத்தை ரேடியோ அலைகொண்டு அளந்தனர், தத்துவம் அதுவே. ஓடும் வண்டியில் பொருத்திய கருவி, மின்காந்த அலைகளைப் பாதைக்குள் செலுத்தி எதிரொலியைப் பதிவு செய்கின்றது. மின்காப்பு மாறிலி காற்றுக்கு 1, நீருக்கு ஏறத்தாழ 80. ஆகவே ஈரம் தங்கிய ஜல்லி, உலர்ந்த தூய ஜல்லியினின்று தெளிவாக வேறுபட்டுக் காணும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. உப்புநீரும் களிமண்ணும் இவ்வலைகளை விழுங்கிவிடும். நமது கடற்கரையிலோ இரண்டிற்கும் குறைவில்லை. குளிர்தேசங்களில் வகுத்த அட்டவணைகளை இங்கு அப்படியே பொருத்துவது தவறாகும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் சோதனைக் குழிகள் தோண்டி, ராடார் காட்டியதைக் கையால் அள்ளிய ஜல்லியோடு ஒப்பிடல் வேண்டும். எவ்விடத்தில் மழைக்குப்பின் சேறு பீறுமென்பதை நாள்தோறும் தண்டவாளத்தில் நடக்கும் கேங்மேன்கள் நன்கறிவர். அவர்களைக் கேளாமல் குழிக்கு இடம் குறித்தல் அறிவுடைமையன்று. இவ்வொப்பீட்டு வேலை நம் பௌதிக மாணவர்க்கும் எட்டாததன்று. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அளக்கவேண்டும். மே மாதத்து ஜல்லி நவம்பர் மாதத்து ஜல்லியைப்பற்றி யாதும் உரையாது.