மூன்றாவது விமானந்தாங்கி எதற்கு?

மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பல் வேண்டும் என்ற குரல் டெல்லியில் ஓங்கி ஒலிக்கிறது. இப்போதுள்ள விக்ரமாதித்யா, விக்ராந்த் இரண்டில் ஒன்று பழுதுபார்ப்புக்குப் போனாலும் கிழக்கிலும் மேற்கிலும் தலா ஒன்று நிற்க வேண்டுமாம். இன்றைய கடற்போர்களைக் கவனித்த எவராலும் இதை ஏற்க முடியாது.

2022 ஏப்ரலில் கருங்கடலில் நடந்ததைப் பாருங்கள். உக்ரைனிடம் அப்போது சொல்லிக்கொள்ளும்படியான போர்க்கப்பலே இல்லை. தன் தலைமைக் கப்பல் எதிரியிடம் சிக்கக் கூடாதென்று, போர் தொடங்கிய சில நாள்களிலேயே தானே மூழ்கடித்திருந்தது. அந்த நாடு, கரையிலிருந்து ஏவிய இரண்டு நெப்டியூன் ஏவுகணைகளால் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பலைக் கடலுக்குள் அனுப்பியது. ஓர் ஏவுகணையின் வெடிமுனை 150 கிலோ. மாஸ்க்வாவின் நீளம் 186 மீட்டர். இரண்டு 150 கிலோ, ஒரு கடற்படையின் தலைமைக் கப்பல்! பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒவ்வொரு மேசையிலும் இந்தக் கணக்கு எழுதிவைக்கப்பட வேண்டும். அதே ஆண்டு ஜூன் 30 அன்று கருங்கடலின் பாம்புத் தீவிலிருந்து ரஷ்யப் படை வெளியேறியதிலும் கரைப் பீரங்கிகளுக்குப் பெரும் பங்குண்டு.

இது புதிய பாடமும் அல்ல. 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் அருகே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் பெருங்கப்பல்கள் மூழ்கின. சுமார் 840 பேர் மாண்டனர். தாக்கிய ஜப்பானிய விமானங்கள் தெற்கு வியட்நாமின் தரைத் தளங்களிலிருந்து வந்தவை.

'கப்பல் நகரும், கரை நகராது' என்கிறார்கள் விமானந்தாங்கி ஆதரவாளர்கள். சத்தற்ற பேச்சு. லாரியில் ஏற்றிய ஏவுகணை ஊர் ஊராக நகரும், தோப்புக்குள் மறையும். 262 மீட்டர் நீள விக்ராந்த் நடுக்கடலில் எங்கே மறையும்?

விக்ராந்தைக் கட்ட ஆன செலவு சுமார் 20,000 கோடி ரூபாய். இந்தக் கப்பல்களிலிருந்து பறக்கக் கடற்படைக்கு 26 ரஃபேல் விமானங்கள் வாங்க 2025 ஏப்ரலில் போட்ட ஒப்பந்தமோ சுமார் 63,000 கோடி. இன்னொரு கப்பல் என்றால் இன்னொரு முறை இந்தச் செலவு. கரையிலிருந்து ஏவும் பிரமோஸ் ஏவுகணையை நம்மிடம் சுமார் 37.5 கோடி டாலருக்கு வாங்க பிலிப்பைன்ஸ் 2022இல் ஒப்பந்தம் செய்தது. வாங்கியவருக்குப் புரிந்தது விற்றவருக்குப் புரியவில்லை.

கரையிலிருந்து காக்கும் தளங்கள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. தஞ்சாவூரில் பிரமோஸ் சுமக்கும் சுகோய் விமானப் படைப்பிரிவு 2020 முதல் இருக்கிறது. கிரேட் நிகோபாரின் காம்ப்பெல் பே ஓடுதளம் மலாக்கா நீரிணையின் வாயிலில் கிடக்கிறது. அந்தத் தீவை எந்த ஏவுகணையாலும் மூழ்கடிக்க முடியாது.

மூன்றாவது விமானந்தாங்கித் திட்டத்தை அரசு கைவிட வேண்டும். அந்தப் பணம் நிகோபாருக்கும் லட்சத்தீவுக்கும் கடலோர ஏவுகணைப் பிரிவுகளுக்கும் போகட்டும். இந்தியப் பெருங்கடலை இனிக் காக்கப்போவது கரைதான்.